அலை மின்சாரக் கணக்கைச் சரிசெய்த விதம்

கேரளத்தின் விழிஞ்ஞம் கடலில் அலை மின்கருவி ஒன்று எவ்வளவு தரும் என்று தம்பி மகன் கல்லூரிக்காகக் கணக்குப் போட்டிருந்தான். ஆண்டு முழுக்க ஒரே சராசரி அலை உயரம், ஒரே அலைக்காலம் (ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட நொடிகள்). குமரிக் கடலோர நீரோடியில் பிறந்த எனக்கு அது உறுத்தியது. ஆடிக் கடலும் மாசிக் கடலும் ஒன்றா?

சூத்திரம் சரிதான்: ஒரு மீட்டர் அலைமுகத்துக்குச் சுமார் 0.49 × உயரத்தின் வர்க்கம் × ஆற்றல் அலைக்காலம் (பலவகை அலைகள் கலந்த கடலின் ஆற்றலுக்கு ஈடான ஒரே அலைக்காலம், நொடியில்); விடை கிலோவாட்டில். சிக்கல் அந்த வர்க்கத்தில். பாதி ஆண்டு 1 மீட்டர், பாதி ஆண்டு 3 மீட்டர் என்று வையுங்கள். சராசரி 2, வர்க்கம் 4. தனித்தனியே வர்க்கம் எடுத்துச் சராசரி பார்த்தால் 5. கால் பங்கு கூடுதல்!

சரி, கருவி அத்தனையையும் தந்துவிடுமா? தராது. 1991இல் சென்னை ஐஐடி விழிஞ்ஞத்தில் அமைத்த நிலையத்தின் திறன் 150 கிலோவாட்டாக இருந்தது. எவ்வளவு பெரிய அலை வந்தாலும் ஜெனரேட்டருக்கு ஓர் உச்சம் உண்டு.

அதனால் அலை உயரம் ஒரு பக்கம், அலைக்காலம் ஒரு பக்கமாகக் கட்டம் போட்டோம். ஒவ்வொரு கட்டத்திலும் கடல் நின்ற மணி நேரத்தை, அந்தக் கட்டத்தில் கருவி தரும் கிலோவாட்டால் பெருக்கிக் கூட்டினோம். தரவில் உச்ச அலைக்காலம்தான் (மிக அதிக ஆற்றல் உள்ள அலைகளின் காலம்) இருந்தது, அதை 0.9ஆல் பெருக்கி ஆற்றல் அலைக்காலமாக மாற்றிக்கொண்டோம். அப்புறம்தான் மாதவாரியாக நம்பும்படியான எண்கள் வந்தன.