உயர்ந்த தரப்புள்ளி உள்ளவருடன் அஞ்சல்வழிச் சதுரங்கத்தைச் சமன் செய்வது எப்படி

தென்மேல் பருவமழையில் மின்சாரமும் இணையமும் மாறி மாறித் துண்டிக்கப்படும் ஹட்டன், மஸ்கெலியாப் பகுதிகளில், ஒரு நகர்வுக்கு நாட்கணக்கில் அவகாசம் தரும் அஞ்சல்வழிச் சதுரங்கமே விரைவாட்டத்தைவிடப் பொருத்தமானது. எதிராளி உங்களைவிட 400 புள்ளிகள் உயர்ந்தவரானால், ஈலோ எனும் தரப்புள்ளிக் கணக்குப்படி உங்களிடம் எதிர்பார்க்கப்படுவது ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 0.09 புள்ளிதான். எனவே சமனில் கிடைக்கும் அரைப் புள்ளி உங்கள் தரத்தை உயர்த்தி அவருடையதைத் தாழ்த்தும். அதை அவர் எளிதில் விட்டுத்தர மாட்டார்.

முதலில் விதியைப் படியுங்கள். சர்வதேச அஞ்சல்வழிச் சதுரங்கக் கூட்டமைப்பு, நகர்வுகளைக் கணித்துச் சொல்லும் கணினி நிரல்களை அனுமதிக்கிறது. லிசெஸ் என்னும் சதுரங்க இணையத்தளம் திறப்பாட்ட (தொடக்க நகர்வு) நூல்களை மட்டும் அனுமதித்து, நிரல்களைத் தடைசெய்கிறது. இனிச் சொல்வது நிரலின்றி ஆடுவோருக்கு.

காய்களை வெட்டித் தீர்த்தால் சமன் தானாக வரும் என்பது பலரின் எண்ணம். நான் அதை ஏற்கவில்லை. அரசர்களும் சிப்பாய்களும் மட்டும் எஞ்சும் இறுதியாட்டத்தில் ஒரே ஒரு நகர்வு பிசகினாலும் ஆட்டம் போய்விடும் என்பதால், எந்த இறுதியாட்டத்தை நோக்கிப் போகிறோம் என்று தீர்மானித்த பிறகே வெட்ட வேண்டும். ஒரு சிப்பாய் குறைவாக இருந்தாலும், கோட்டைகள் மிஞ்சிய ஆட்டமோ, ஒருவரிடம் வெள்ளைக் கட்ட மந்திரியும் மற்றவரிடம் கறுப்புக் கட்ட மந்திரியும் மிஞ்சிய ஆட்டமோ பெரும்பாலும் காக்கக்கூடியது.

கோட்டையுடன் ஒரு சிப்பாயும் உள்ளவரைக் கோட்டை மட்டும் வைத்துத் தடுக்க, 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் காட்டிய நிலையைப் பலகையில் வைத்துப் பழகுங்கள். உங்கள் அரசன் அந்தச் சிப்பாய் அரசியாக மாறும் கட்டத்தில் நிற்க, கோட்டை உங்கள் பக்கத்திலிருந்து மூன்றாம் வரிசையைக் காத்து எதிரி அரசனை உள்ளே விடாதிருக்க வேண்டும். சிப்பாய் அந்த வரிசைக்கு ஏறிய மறுகணமே கோட்டையைப் பலகையின் மறுமுனைக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து இடைவிடாமல் முற்றுகை கொடுக்க வேண்டும். சிப்பாய்க்கு முன்னிருந்த மறைவிடத்தை அச்சிப்பாயே எடுத்துக்கொண்டதால், எதிரி அரசனுக்கு ஒதுங்க இடமில்லை.

நகர்வை அனுப்புமுன் மரப்பலகையில் வைத்துப் பார்ப்பது நல்லது; அனுப்பியதைத் திரும்பப் பெற முடியாது. அஞ்சலட்டையில் எண்முறையில் எழுதினால் அரசனுக்கு முன்னுள்ள வெள்ளைச் சிப்பாயின் இரு கட்டப் பாய்ச்சல் 5254; அதாவது 5ஆம் நெடுவரிசையின் 2ஆம் கட்டத்திலிருந்து அதே நெடுவரிசையின் 4ஆம் கட்டத்துக்கு. ஓர் இலக்கம் மாறினாலும் வேறு நகர்வாகிவிடும்.

சமன் கோரிக்கையை நிலை தெளிவாகச் சமமான பின் ஒரு முறை, நகர்வுடன் சேர்த்து அனுப்புங்கள். அவர் மறுத்தாலும் ஆடுங்கள். ஒரே நிலை, அடுத்து நகர்த்த வேண்டியவரும் அதே தரப்பாக, மூன்றாம் முறை தோன்றினால் அவருடைய சம்மதமின்றியே சமன் கோரலாம் என்பதால் எல்லா நகர்வுகளையும் கொப்பியில் திகதியுடன் எழுதி வையுங்கள்.