பெரியவங்க நடையை டெஸ்ட் பண்றது எப்படி? புதுசா கத்துக்கறவங்களுக்கு டக் டெஸ்ட்

"நல்லா நடக்க முடியுதா?"ன்னு கேட்டா முக்கால்வாசி பெரியவங்க "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்"னுதான் சொல்வாங்க, அதை அப்படியே எழுதிக்காதீங்க, நடக்க வச்சு பாருங்க. 1991ல வந்த டைம்டு அப் அண்ட் கோ டெஸ்ட், சுருக்கமா டக், இதுக்கு ரொம்ப ஈஸி.

முதல்ல கைப்பிடி உள்ள சேர் ஒண்ணை நகராத மாதிரி சுவரை ஒட்டி போடுங்க. அங்கேர்ந்து 3 மீட்டர் அளந்து தரையில டேப் ஒட்டுங்க. தினமும் போடுற செருப்பு, கைத்தடி, வாக்கர் எதுவானாலும் அதோடயே நடக்கட்டும்.

அடுத்து, சாஞ்சு உக்கார வச்சு சொல்லுங்க: "நான் போலாம்னு சொன்னதும் எந்திரிச்சு, எப்பவும் போல நடந்து, கோட்டுல திரும்பி வந்து உக்காருங்க." ஒரு தடவை சும்மா நடக்க விட்டுட்டு அப்புறம் டைம் எடுங்க. "போலாம்"னு சொன்ன உடனே வாட்ச்சை ஆன் பண்ணணும், அவங்க எந்திரிக்கறப்ப இல்ல, புதுசா பண்றவங்க இங்கதான் தப்பு பண்றாங்க. திரும்ப உக்காந்ததும் ஆஃப். பக்கத்துலயே போங்க, ஆனா பிடிக்காதீங்க.

12 செகண்டோ அதுக்கு மேலயோ ஆனா விழற ரிஸ்க் இருக்குன்னு அமெரிக்காவோட நோய்த் தடுப்பு மையமான சிடிசி சொல்லுது. ஆனா நம்பரை மட்டும் பார்த்துட்டு விட்டுடாதீங்க ப்ளீஸ்! நான் பார்த்த ஒரு பாட்டி 11 செகண்ட்ல முடிச்சுட்டாங்க, ஆனா எந்திரிக்கவே மூணு தடவை முன்னாடி பின்னாடி ஆடி, கைப்பிடியை அழுத்தித்தான் வந்தாங்க, கோட்டுல திரும்பறப்ப குட்டி குட்டியா ஏழெட்டு அடி வச்சு, கை தானா சுவரைத் தேடுச்சு. அவங்களை எப்படி நார்மல்னு எழுதறது?

எந்திரிச்சதும் நடக்காம கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டாங்கன்னா தலை சுத்துதான்னு கேளுங்க, 5 நிமிஷம் படுக்க வச்சு பிபி பாருங்க, நின்ன பிறகு 1வது, 3வது நிமிஷத்துலயும் பாருங்க. படுத்திருந்தப்ப இருந்ததை விட மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைஞ்சா டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும்.

கால்ல தெம்பு எப்படின்னு தெரியணும்னா கைப்பிடி இல்லாத சேர்ல, கையை நெஞ்சுல குறுக்கா கட்டிக்கிட்டு, 30 செகண்ட்ல எத்தனை தடவை முழுசா எந்திரிக்கறாங்கன்னு எண்ணுங்க. கையை ஊணித்தான் எந்திரிக்க முடியுதுன்னா ஸ்கோர் 0.

கடைசியா நோட்ல வெறும் நம்பர் எழுதாம, "கைத்தடியோட 14 செகண்ட், திரும்பறப்ப தடுமாற்றம்"னு எழுதுங்க. அடுத்த தடவையும் அதே சேர், அதே செருப்புல பார்த்தாதான் முன்னேற்றமா இல்லையான்னு கம்பேர் பண்ண முடியும்.