டைல்ஸ் மூலை தூக்காமல் இருக்க நான் செய்தது

அடுப்படிச் சுவருக்குக் கையாலேயே டைல்ஸ் செய்ய வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கியின் வட்டங்கள்போல, உருவம் எதுவும் இல்லாமல் நிறமும் கோடும் மட்டும். காருகுறிச்சியிலிருந்து பானை மண் வாங்கிவந்து, 6 அங்குலச் சதுரமாக வெட்டி மாடியில் காயவைத்தேன். மறுநாள் பார்த்தால் பன்னிரண்டிலும் மூலைகள் அப்பளம்போல எழும்பி நின்றன.

மண் தந்த ஆச்சியிடமே கொண்டுபோய்க் காட்டினேன். ஒன்றைத் திருப்பி, அடிப்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்தினார், ரேகை பதிந்தது. மேல்பக்கமோ கல்லாக இருந்தது. “மேல காஞ்சிட்டு, அடியில ஈரம் அப்படியே இருக்கு. சுருளாம என்ன செய்யும்யா?”

காய்கிற மண் சுருங்கும். மேற்புறம் முந்திக்கொண்டால் ஓரத்தை இழுக்கும். சரி என்று, உடைந்த பானை ஓட்டை இடித்துச் சலித்து, 5 பங்கு மண்ணுக்கு 1 பங்கு கலந்தேன். ஏற்கெனவே சுட்ட பொடி, காயும்போது சுருங்காது. வெட்டிய சதுரத்தைக் கையால் தூக்காமல் பலகையோடு நகர்த்தினேன். ஒருமுறை வளைத்ததை மண் மறக்காது, சூளையில் திரும்பக் காட்டிவிடும். அப்புறம், மேலும் அடியும் ஒன்றுபோலக் காய, இரண்டு ஜிப்சம் பலகைக்கு நடுவே, நிழலில், 10 நாள்.

நிறக்கரைசலை, அதாவது நிறம் சேர்த்துக் கரைத்த களிமண்ணை, டைல்ஸ் மண் பாதி ஈரமாக இருக்கும்போதே பூசிவிட வேண்டும். முழுக்கக் காய்ந்தபின் பூசியது எனக்கு உரிந்து வந்தது. கோபால்ட் கலந்த வெள்ளைக் களிமண் பூசும்போது சாம்பலாகத்தான் தெரியும். கண்ணாடிப் பூச்சோடு சுட்டு எடுத்ததும் அந்த நீலம்! அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த முறை 10 தட்டையாக வந்தன. வளைந்த இரண்டும் ஜன்னல் பக்கம், காற்று படும் ஓரத்தில் இருந்தவை. இப்போது ஓரங்களைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி வைக்கிறேன்.