மோசல் ஒயின்: லேபிளைப் பார்த்து ஏமாறும் இடங்கள்

ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்யும் ஒயின் என்றாலே இனிப்புதான் என்று பலர் முடிவுகட்டி விடுகிறார்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் லேபிளில் இருக்கும் கபினெட், ஷ்பேட்லேசே, அவுஸ்லேசே என்ற சொற்கள். இவற்றை இனிப்பின் படிநிலைகளாக நினைப்பதுதான் பெரிய தவறு. பறித்தபோது திராட்சைச் சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருந்தது என்பதைத்தான் அவை சொல்கின்றன. அந்தச் சர்க்கரை ஏறக்குறைய முழுதும் நொதித்து ஆல்கஹாலாகிவிட்டால், ஷ்பேட்லேசேகூட இனிக்காது. அதில் ‘ட்ரோக்கன்’ என்று சேர்த்து எழுதியிருப்பார்கள். ‘ஃபைன்ஹெர்ப்’ என்பது லேசான இனிப்பு, ஆனால் அதற்குச் சட்ட வரையறை கிடையாது. சரி, இரண்டுமே இல்லையா? ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். 7, 8 என்றிருந்தால் சர்க்கரை நிறைய மிச்சமிருக்கிறது. 12-ஐ ஒட்டியிருந்தால் பெரும்பாலும் இனிப்பிருக்காது. கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

அடுத்தது ஊர்ப்பெயர். பீஸ்போர்ட் ஊரில் கோல்ட்ட்ரோப்ஷென் என்பது தனித் தோட்டம்: ஆறு வளையும் இடத்தில், தெற்கு பார்த்த செங்குத்தான ஸ்லேட் பாறைச் சரிவு. ‘பீஸ்போர்ட்டர் மிஷெல்ஸ்பெர்க்’ அப்படியல்ல. அது சுற்றுவட்டாரத்துப் பல ஊர்களின் தோட்டங்களுக்குப் பொதுவான பெயர். சமவெளி நிலத்துத் திராட்சையும் அதில் சேரும். இரண்டு லேபிளும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். என்னைக் கேட்டால், வாங்குபவரைக் குழப்புவதற்கென்றே செய்தது போன்ற ஏற்பாடு. திராட்சை வகையின் பெயரும் லேபிளில் இல்லையென்றால், உள்ளே ரீஸ்லிங் இருக்கும் என்று நம்பாதீர்கள். 1882-இல் உருவாக்கப்பட்ட, சீக்கிரம் பழுத்து அதிகம் காய்க்கும் ம்யூலர்-துர்காவ் என்ற வகையும் இந்த ஆற்றங்கரையில் உண்டு. ட்ரியர் நகருக்கு மேலே, லக்சம்பர்க் எல்லையை ஒட்டிய மேல் மோசலில் மண்ணே வேறு, சுண்ணாம்புக்கல். அங்கே எல்ப்ளிங் என்ற பழைய வகை. புளிப்பு தூக்கலாக இருக்கும், வெயிலுக்கு இதம்.

அப்புறம், சில வருடம் பழகிய ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் போல ஒரு வாசம் வரும். கெட்டுவிட்டது என்று கீழே கொட்டிவிடாதீர்கள். அந்தத் திராட்சை முதிரும்போது வருவதுதான் அது. பாட்டிலின் அடியிலோ தக்கையிலோ சின்னச் சின்னப் படிகங்கள் தெரிந்தால் அவையும் கண்ணாடித்தூள் இல்லை. குளிரில் படியும் டார்டாரிக் அமில உப்பு. மெதுவாகச் சாய்த்து ஊற்றினால் போதும்.