வுழூவைச் சரியாக நிறைவேற்றும் முறை

புதிதாக இஸ்லாத்தைத் தழுவுவோர் பலர் தொழுகையின் நிலைகளை ஆர்வத்தோடு பழகிவிட்டு, தொழுகைக்கு முன் உறுப்புகளைக் கழுவித் தூய்மையாகும் வுழூவை அவசரமாக முடித்துவிடுகிறார்கள். வுழூ நிறைவேறாமல் தொழுகை நிறைவேறாது என்பதால் அதைப் பொறுமையாகப் பழகுவது அவசியம்.

கொழும்புப் பள்ளிவாசல்களில் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின்படி (இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்று), முகத்தில் நீர் படும்போதே நிய்யத் (வுழூச் செய்கிறேன் என்ற எண்ணம்) உள்ளத்தில் இருக்க வேண்டும். வணக்கத்திற்குரியவன் அல்லாஹ் ஒருவனே என்ற நம்பிக்கை செயலாக மாறும் இடம் அதுவே என்று நான் கருதுகிறேன்.

பிஸ்மில்லாஹ் (அல்லாஹ்வின் பெயரால்) கூறி, மணிக்கட்டுவரை கைகளைக் கழுவி, வாய் கொப்பளித்து, மூக்கைச் சுத்தம் செய்த பின், நெற்றி முடியின் தொடக்கத்திலிருந்து தாடைவரையும் ஒரு காதிலிருந்து மறு காதுவரையும் முகத்தைக் கழுவுங்கள். அடுத்து முழங்கை உட்படக் கைகளைக் கழுவி, ஈரக்கையால் தலையையும் காதுகளையும் தடவி, இறுதியாகக் கணுக்கால் உட்படக் கால்களைக் கழுவ வேண்டும். இவ்வரிசை மாறக் கூடாது.

அதிகம் தவறவிடப்படுவது குதிகால். ஹவ்ழின் (பள்ளிவாசலில் வுழூவுக்கான நீர்த்தொட்டியின்) விளிம்பிலிருந்து காலை நீட்டிக் கழுவும்போது பாதத்தின் மேற்புறம் நனைந்து, குதிகாலின் பின்புறம் உலர்ந்தே இருந்துவிடும். நபி (ஸல்) அவர்கள் இதைக் குறித்துக் கடுமையாக எச்சரித்துள்ளார்கள். ஆகவே கையால் தேய்த்துக் கழுவுங்கள். இறுக்கமான மோதிரத்தை அசைத்துவிடுங்கள். நகப்பூச்சை முன்பே நீக்கிவிடுங்கள். நபியவர்கள் ஒரு லீட்டருக்கும் குறைவான நீரில் வுழூச் செய்தார்கள் என்பதால், குழாயை முழுதாகத் திறந்துவிடுவதையும் தவிருங்கள்.