கரண்ட் போய் வந்தால் தரை நனையுமா? ரீஃப் டேங்க் ஓவர்ஃப்ளோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் புதிதாக ரீஃப் டேங்க் (உப்புநீரில் பவளம் வளர்க்கும் தொட்டி) வைப்பவர்கள் பலரும் வாடகை வீட்டில், அதுவும் மாடியில் இருக்கிறார்கள். சிவாஜிநகர் பக்கம் மூன்றடித் தொட்டி செய்து வாங்கி வந்து ஸ்டாண்டில் ஏற்றிய பிறகுதான் சம்ப், அதாவது கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி, ஞாபகம் வருகிறது. கண்ணாடியில் ஓட்டை போடப் பயம், அதனால் பின்னால் மாட்டும் ஹேங்-ஆன் ஓவர்ஃப்ளோ. முன்பு நாங்கள் எல்லோரும் செய்த தவறுகளையே இவர்களும் அதே வரிசையில் செய்கிறார்கள். உப்பு அளவு, அவசரமாக மீன் விடுவது எல்லாம் வேண்டிய அளவு பேசியாகிவிட்டது. இங்கே சொல்வது மேல் தொட்டியிலிருந்து சம்புக்குத் தண்ணீர் இறங்கும் வழியைப் பற்றி மட்டும்.

"ஆஃப் பண்ணிப் பார்த்தோம், திரும்ப ஓடுச்சே"

ஹேங்-ஆன் வாங்கிய எல்லோரும் சொல்லும் வரி இது. முதல் நாள் பிளக்கைப் பிடுங்கி மாட்டினால் கட்டாயம் ஓடும். தொட்டிக்குள் இருக்கும் உள்பெட்டி, பின்னால் தொங்கும் வெளிப்பெட்டி இரண்டிலும் தண்ணீர் நிற்பதால், அவற்றை இணைக்கும் வளைந்த குழாயான யூ டியூப் காலியாகாது. அந்தச் சோதனையில் தெரியாதது, குழாயின் உச்சியில் மெல்லச் சேரும் காற்று. நுண்குமிழிகள் ஒன்றுகூடி, நான்கைந்து வாரத்தில் வளைவின் மேல்பகுதியில் விரல்நகம் அளவுக்கு வெள்ளையாக ஒரு காற்றுப்பை தெரியும். அது வளர்ந்து சைஃபன் (குழாய் நிறைந்து தானாக இறங்கும் ஓட்டம்) அறுந்தால் கீழே இறங்கும் தண்ணீர் நின்றுவிடும். சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் மட்டும் நிற்காது.

இனி கணக்கு. மூன்றடிக்கு ஒன்றரை அடித் தொட்டியில் 1 செ.மீ. உயரத்துக்கு சுமார் 4 லிட்டர். ஓடும் நீர்மட்டத்துக்கும் விளிம்புக்கும் 3 செ.மீ. இடைவெளி இருந்தால் மேலே 12 லிட்டருக்குத்தான் இடம். சம்பில் ரிட்டர்ன் அறை 25க்கு 30 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம், 1 செ.மீ.க்கு முக்கால் லிட்டர். அதில் 25 செ.மீ. தண்ணீர் நின்று, பம்ப் கடைசி 5 செ.மீ. வரை உறிஞ்சினால் மேலே போவது 15 லிட்டர். 3 லிட்டர் தரையில். நிமிடத்துக்கு 25 லிட்டர் தள்ளும் பம்ப்புக்கு இது அரை நிமிட வேலை. அதே அறையில் 15 செ.மீ. மட்டும் நிறுத்தியிருந்தால் போவது ஏழரை லிட்டர்தான், தரையில் ஒரு சொட்டு விழாது. கரண்ட் போகும்போது மேலிருந்து இறங்கும் தண்ணீருக்கும் சம்பில் இடம் கிடைக்கும். அளக்கும் டேப் ஒன்றும் ஒரு பேனாவும் போதும். ஆனால் இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. இன்றும் எரிச்சல் வருவது இதனால்தான்.

இதோடு ஏடிஓ (ஆவியான தண்ணீரைத் தானாக நிரப்பும் கருவி) சேர்ந்தால் சேதம் பல மடங்கு. சைஃபன் அறுந்ததும் ரிட்டர்ன் அறையில் மட்டம் இறங்குகிறது. ஆவியான தண்ணீரைத்தான் ஈடுகட்ட வேண்டும் என்று நினைத்து ஏடிஓ உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரை ஊற்றுகிறது. ரிட்டர்ன் பம்ப் அதையும் மேலே ஏற்றுகிறது. 25 லிட்டர் கேன் காலியாகும் வரை இது நிற்காது. மூன்றாவது மாடி வீடென்றால் கீழ்வீட்டு சீலிங் ஊறும், அட்வான்ஸில் பிடித்தம் வரும், தொட்டியில் உப்பு அளவு சரிந்து பவளங்கள் வாயை மூடிக்கொள்ளும். ஏடிஓ கேனை 5 லிட்டருக்கு மேல் வைக்காதீர்கள். மேல் தொட்டியின் விளிம்புக்குக் கீழே ஒரு ஃப்ளோட் சுவிட்ச் வைத்து, ரிலே மூலம் ரிட்டர்ன் பம்ப்பை நிறுத்தச் செய்யுங்கள்.

இன்னொன்று, இன்வெர்ட்டர். உச்சியில் சேரும் காற்றை உறிஞ்சும் குட்டிப் பம்ப்பை நம்பி ஓடும் ஓவர்ஃப்ளோக்கள் உண்டு. ரிட்டர்ன் பம்ப்பை இன்வெர்ட்டர் லைனிலும், குட்டிப் பம்ப்பைப் பக்கத்துச் சுவரின் சாதா பிளக்கிலும் மாட்டியிருந்த வீடுகளைப் பார்த்ததுண்டு. மே மாத மாலை மழையில் இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் ரிட்டர்ன் ஓடிக்கொண்டே இருக்கும், காற்றும் சேர்ந்துகொண்டே இருக்கும். இரண்டும் ஒரே லைனில் இருக்க வேண்டும்.

பெரிய குழாய் பாதுகாப்பு என்று நினைப்பது

ஹேங்-ஆனில் நேர்மாறு. ஒரு அங்குல யூ டியூப் மணிக்கு சுமார் 2,200 லிட்டர் இறக்கும். 1,000 லிட்டர் ஓட்டத்துக்கு இரண்டு குழாய் போட்டால் ஒவ்வொன்றிலும் வேகம் குறையும், குமிழி அடித்துக்கொண்டு போகாமல் உச்சியிலேயே தங்கும். அந்த ஓட்டத்துக்கு ஒரு குழாய் போதும். வெளிப்பெட்டியில் இரண்டு மூன்று இறங்கு குழாய் வைப்பதாலும் பயனில்லை. அடைப்போ காற்றோ வருவது அதற்கு முன்னால், யூ டியூபில்.

செக் வால்வை நம்புவது

கரண்ட் போனால் ரிட்டர்ன் குழாய் வழியே மேல் தொட்டித் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கத்தான் இந்த வால்வு. ஆனால் உப்பும் பாசியும் படிந்தால் மூடாது. ரிட்டர்ன் வாயை நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே வையுங்கள், இறங்குவது அந்த அளவோடு நிற்கும்.

டஃபன்டு கண்ணாடியில் டிரில்

டஃபன்டு என்பது சூடாக்கிக் கடினப்படுத்திய கண்ணாடி, டிரில் போட்டால் தூளாகிவிடும். லேப்டாப்பில் வெள்ளைத் திரையைத் திறந்து கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுத் தலையைச் சாய்த்துப் பாருங்கள். கருப்புத் திட்டுகளோ பட்டைகளோ தெரிந்தால் அது டஃபன்டு. அங்கே ஹேங்-ஆன்தான் வழி. ஏற்கெனவே தண்ணீரும் பவளமுமாக ஓடும் தொட்டிக்கும் அதுவே.

அடித்தட்டில் ஓட்டை

புதிதாகச் செய்யச் சொல்கிறீர்கள் என்றால் ஒட்டும் முன்பே ஓட்டை போடச் சொல்லுங்கள், பின்பக்கக் கண்ணாடியில், மேலே. அங்கே வாஷர் கசிந்தாலும் ஓட்டை மட்டம் வரைதான் இறங்கும். அடித்தட்டில் கசிந்தால் தொட்டி முழுக்கக் காலி.

ஓட்டையில் பொருத்தும் மரைக் குழாயான டேங்க் நிப்பிளை முதலில் வாங்கி, மரையின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்து, அதைவிட 2 மி.மீ. பெரிய டைமண்ட் ஹோல்சா (வட்ட ஓட்டை போடும் டிரில் பிட்) எடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். ஓட்டையின் ஓரத்திலிருந்து கண்ணாடியின் ஓரம் வரை குறைந்தது ஓட்டையின் விட்டம் அளவு இடம் விடுங்கள். ஹேமர் மோட் வேண்டாம், மெதுவான சுற்று, தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அடியில் ஒட்டும் டேப். கடைசி 2 மில்லிமீட்டரில் கையின் அழுத்தத்தை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் மறுபக்கம் சில்லுப் பெயரும். ரப்பர் வாஷர் நிப்பிளின் தலைப்பக்கம், தொட்டிக்குள் இருக்க வேண்டும். கையால் இறுக்கி, அதற்கு மேல் இன்னும் கால் சுற்று. ஸ்பேனர் போட்டால் கண்ணாடியில் விரிசல் விழும்.

இரண்டு ஓட்டை போடுங்கள். ஒன்றில் கேட் வால்வுடன் முழு சைஃபன், இன்னொன்று சற்று உயரமாக, காய்ந்தபடியே காத்திருக்கும் அவசர வழி. கேட் வால்வு ஏன் என்றால், பால் வால்வில் ஓட்டத்தை நுணுக்கமாகச் சரிசெய்ய முடியாது.

சரியான சோதனை

ஹேங்-ஆன் வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு முறை, ரிட்டர்ன் ஓடும்போதே யூ டியூபைக் கையால் தூக்குங்கள். ஏடிஓ ஓடிக்கொண்டிருக்கட்டும். ரிட்டர்ன் அறை வற்றி, பம்ப் காற்றை இழுக்கும் சத்தம் கேட்டு, கேனும் காலியாகும் வரை பக்கத்திலேயே நின்று விளிம்பைப் பாருங்கள். தண்ணீர் விளிம்பைத் தொட்டால் அன்றே சம்பில் மட்டத்தைக் குறைத்துவிடுங்கள்.