கிட் புஷ் விமானம் கட்டும் ஆசையா? பெட்டி வருவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

கிட் விமானம், அதாவது பாகங்களைப் பெட்டியில் வாங்கி நாமே கட்டும் விமானம், கட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியவர்கள், ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) அடிக்க வராததால் நிறுத்தினேன் என்று சொல்வது அரிது. கையில் பணம் தீர்ந்தது, இடம் போதவில்லை, நேரம் கிடைக்கவில்லை, வீட்டில் பொறுமை போய்விட்டது என்றுதான் காரணங்கள் வரும். இவை எல்லாமே ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே உட்கார்ந்து யோசித்திருக்கக்கூடியவை. முதல் முறை கட்டுபவர்கள் செய்யும் பெரிய தவறுகள் பட்டறையில் நடப்பதில்லை, முடிவெடுக்கும் மேசையில்தான் நடக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

புஷ் விமானம் என்றால் ஓடுபாதை இல்லாத இடத்துக்குப் போகப் பிறந்தது. புல்வெளி, ஆற்றோரக் கூழாங்கல் திட்டு, மலைச்சரிவு என எங்கும் இறங்கும். மேலே இறக்கை, தடித்த பெரிய டயர், பெரும்பாலும் வால் சக்கரம், மெதுவாகப் பறந்து குறுகிய தூரத்தில் நிற்கும் திறமை. 1949-இல் வந்த பைப்பர் சூப்பர் கப்பை இந்த வகையின் முன்னோடியாகச் சொல்லலாம். இன்று கிட்டாகக் கிடைப்பவற்றில் கிட்ஃபாக்ஸ், ஜெனித் சிஎச் 750, ரான்ஸ் எஸ்-21, பேர்ஹாக், கார்பன் கப் ஆகியவை பலருக்கும் தெரிந்த பெயர்கள்.

கட்டப் பிடிக்குமா, பறக்கப் பிடிக்குமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பணம் கட்டுவதுதான் முதல் தவறு. "சொந்தமாகக் கட்டினால் மலிவு" என்று நினைத்து இறங்குபவர்கள் நிறையப் பேர். அடுத்த ஆண்டே பறக்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் ஒரு விமானத்தை வாங்கிவிடுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை.

எளிமையான கிட்டுக்கே 500 முதல் 1000 மணி நேரம் வரை ஆகும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். முதல் முறை கட்டுபவர் அந்தக் கணக்கின் மேல் எல்லையையும் தாண்டுவார் என்று வைத்துக்கொள்வதே நல்லது. வாரத்துக்கு 10 மணி நேரம் ஒதுக்க முடிந்தால் 1000 மணி நேரம் என்பது ஏறக்குறைய இரண்டு ஆண்டு. 5 மணி நேரம்தான் முடியும் என்றால் நான்கு ஆண்டு. இது கையில் கருவி பிடித்து வேலை செய்யும் நேரம் மட்டும். கையேட்டைப் படிப்பது, தவறான பாகத்தைத் திருப்பி அனுப்புவது, குழம்பி நின்று யோசிப்பது எல்லாம் இதில் வராது.

அந்த நேரம் எப்படிப்பட்டது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அலுமினியத் தகட்டில் துளை போட்டதும் அதன் விளிம்பில் மெல்லிய பிசிறு நிற்கும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, விரல் நுனியால் தடவினால் உறுத்தும். அதை எடுக்காமல் ரிவெட் அடித்தால் இரண்டு தகடுகளும் ஒன்றோடொன்று சரியாகப் படியாது. பின்னாளில் அந்த விளிம்பிலிருந்தே விரிசல் தொடங்கலாம். அதனால் ஒவ்வொரு துளையிலும் பிசிறு எடுக்க வேண்டும், கிளெகோ என்ற தற்காலிகப் பிடிப்பான் போட்டுப் பிடிக்க வேண்டும், சரிபார்க்க வேண்டும், அப்புறம்தான் ரிவெட். உலோக விமானத்தில் இப்படிப்பட்ட துளைகள் ஆயிரக்கணக்கில் வரும். இந்த வேலை உங்களுக்குச் சலிப்பாக இருக்குமா, மனசுக்கு நிம்மதியாக இருக்குமா? அதைப் பணம் கொட்டுவதற்கு முன்பே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஜெனித் நிறுவனம் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள தன் தொழிற்சாலையில் இரண்டு நாள் பயிலரங்கு நடத்துகிறது. அங்கே போனால் வாலில் திசை திருப்பும் ரடர் பாகத்தை நீங்களே கட்டிக் கையோடு எடுத்து வரலாம். வேறு கிட் என்றாலும் முழுசாக வாங்காமல், தனியாகக் கிடைத்தால் வால் பகுதியை மட்டும் முதலில் வாங்குங்கள்.

காணொளியைப் பார்த்து விமானம் தேர்ந்தெடுப்பது

அலாஸ்காவின் வால்டீஸ் நகரில் நடக்கும் குறுந்தூரப் போட்டியின் காணொளியைப் பார்த்தவர்களுக்கு ஆசை வராமல் இருக்காது. சில பத்து அடிகளுக்குள் எழும்பி, சில பத்து அடிகளுக்குள் நின்றுவிடுகிறார்கள். ஆனால் அந்த விமானங்கள் முடிந்தவரை எடை குறைத்தவை, எதிர்க்காற்றைப் பயன்படுத்துபவை, ஓட்டுபவர்களும் பழுத்த கைகள். உங்கள் பயணத்தில் நண்பர் ஒருவர் பக்கத்தில் இருப்பார், பின்னால் கூடாரமும் சாமானும் இருக்கும்.

மெதுவாகப் பறக்கும் திறமைக்கு ஒரு விலை உண்டு. இறக்கையின் முன் விளிம்பில் நிலையான ஸ்லாட் (மெதுவாகப் பறக்க உதவும் சிறு பட்டை) உள்ள சிஎச் 750 போன்ற விமானம் மணிக்கு ஏறக்குறைய 160 கி.மீ. வேகத்தில்தான் பயணம் செய்யும். பெரிய எஞ்சின் போட்ட எஸ்-21 தாராளமாக 200-ஐத் தாண்டும். நீங்கள் போக நினைக்கும் இடம் 50 கி.மீ. தூரத்தில் இருந்தால் இந்த வித்தியாசம் பெரிதல்ல, 500 கி.மீ. என்றால் பெரிது. காட்டுக்குள் இறங்கும் நிமிடங்களைவிட, காட்டுக்குப் போய்ச் சேரும் மணி நேரங்களே அதிகம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எடைக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். அதிகபட்ச எடை 600 கிலோ, காலி எடை 360 கிலோ உள்ள ஒரு விமானம் என்று வைப்போம். மிச்சம் 240 கிலோ. ஆளுக்கு 80 கிலோ வீதம் இரண்டு பேர் ஏறினால் 160 போய்விடும். 80 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 58 கிலோ. சாமானுக்கு மிஞ்சுவது 22 கிலோ. இப்போது பெரிய டயர் ஆசை, இன்னொரு மின்னணுத் திரை, கனமான இருக்கை, பளபளப்புக்காக இன்னும் ஒரு பூச்சு பெயின்ட் என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். அந்த 22 கிலோ எங்கே போனது என்றே தெரியாது. புஷ் விமானத்தைப் பொறுத்தவரை எடை குறைவதுதான் உண்மையான அலங்காரம். விளம்பரத் தாளில் உள்ள காலி எடை பெரும்பாலும் எதுவும் சேர்க்காத விமானத்தினுடையது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

கிட் விலையை விமானத்தின் விலை என்று நினைப்பது

கிட் விலையில் எஞ்சின், புரொப்பல்லர், விமானி பார்க்கும் அளவுக் கருவிகள், ரேடியோ, பெயின்ட் ஆகியவை பொதுவாக வராது. எஞ்சினும் அதை மாட்டத் தேவையானவையும் சேர்ந்து கிட் விலையை எட்டிவிடலாம், மிஞ்சவும் செய்யலாம். அதற்கு மேல் கப்பல் கூலி, கட்டும் வேலைக்கான கருவிகள், காப்பீடு, நிறுத்துமிட வாடகை. இதை முழுசாகக் கூட்டாமல் தொடங்குவதுதான் அகலக்கால் வைப்பது.

எஞ்சினை முதலிலேயே வாங்கி மூலையில் வைப்பதும் தவறு. உத்தரவாதக் காலம் ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே துருப் பிடிக்காமல் பாதுகாக்கும் வேலையும் சேரும். திரைகள், ரேடியோ விஷயத்தில் இன்னும் பொறுமை வேண்டும். நீங்கள் பறக்கும் நாளில் அதைவிட நல்லது வந்திருக்கும்.

முன்பணத்திலும் கவனம் தேவை. கிட் உலகில் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றான வான்ஸ் ஏர்கிராஃப்ட், 2023 டிசம்பரில் கடனாளிகளிடமிருந்து காக்கும் திவால் பாதுகாப்பை நீதிமன்றத்தில் கோரியது. 2024-இல் நிறுவனம் மீண்டு வந்தது, ஆனால் ஏற்கெனவே ஆர்டர் கொடுத்திருந்த பலர் கூடுதல் விலைக்கு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. எவ்வளவு நல்ல நிறுவனமாக இருந்தாலும் சரி, முழுப் பணத்தையும் ஒரே தவணையில் கொடுக்காமல் பகுதி பகுதியாக வாங்குவதே பாதுகாப்பு.

இடம்

வீட்டோடு ஒட்டிய கேரேஜ், தொலைவில் உள்ள அழகான ஹாங்கரைவிட (விமானக் கொட்டகை) மேல். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் கிடைத்தால் பத்து ரிவெட் அடித்துவிட்டு வரலாம். ஹாங்கருக்கு வண்டி ஓட்டிப் போகவே அந்த அரை மணி தீர்ந்துவிடும். இறக்கையின் நீளம், திருப்பும் இடம், கதவின் அகலம் மூன்றையும் அளந்துவிடுங்கள். துணி போர்த்தும் விமானம் என்றால் பசையிலும் பூச்சிலும் உள்ள கரைப்பானின் நெடியையும் யோசிக்க வேண்டும். அது உடம்புக்கும் கெடுதல், தீயும் பற்றும். நீரை அடிப்படையாகக் கொண்ட பூச்சு முறைகளும் உண்டு, குடும்பம் குடியிருக்கும் வீடு என்றால் அவற்றையே பாருங்கள்.

"ஒரு சின்ன மாற்றம்தானே"

முதல் விமானத்திலேயே வடிவமைப்பை மேம்படுத்த நினைப்பவர்களைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. பின்னால் தள்ளி வைத்த ஒரு பேட்டரி, விமானம் சமநிலையில் நிற்கும் புள்ளியான எடை மையத்தை மாற்றும். காரின் எஞ்சினைப் பொருத்தினால் குளிரூட்டல், அதிர்வு, எரிபொருள் என எல்லாமே புதிதாகச் சோதிக்க வேண்டியவை ஆகிவிடும். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொந்தமாகக் கட்டிய விமானங்களைப் பற்றி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், எஞ்சின் சக்தி இழப்பும் கட்டுப்பாட்டை இழப்பதும்தான் விபத்துகளில் முன்னால் நின்றன.

எரிபொருள் அமைப்பை ஏறக்குறைய முழுக்க நீங்களே அமைக்கிறீர்கள் என்பதால் அதில் சமரசமே கூடாது. பறக்கும் முன் தரையில் ஒரு சோதனை செய்ய வேண்டும். மூக்கு அதிகபட்சமாக ஏறும் கோணத்துக்கு விமானத்தைச் சாய்த்து நிறுத்துங்கள். தொட்டியில் கொஞ்சமே எரிபொருள் விட்டு, எஞ்சினுக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு அளவுப் பாத்திரத்தில் விடுங்கள், நேரத்தைக் குறியுங்கள். புவியீர்ப்பால் இறங்கும் அமைப்பு என்றால், விமானம் புறப்படும்போது எஞ்சின் குடிக்கும் அளவில் 150% வர வேண்டும். பம்ப் உள்ளது என்றால் 125%. மணிக்கு 40 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்குப் புவியீர்ப்பில் 60 லிட்டர் வேகத்தில் வந்தாக வேண்டும். சமதளத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். செங்குத்தாக ஏறுவதற்கென்றே கட்டிய விமானம், அந்தக் கோணத்தில்தான் பசியோடு இருக்கும்.

விதிகளும் ஆவணமும்

உங்கள் நாட்டு விமானத்துறை விதிகளை ஆர்டருக்கு முன்பே படியுங்கள். அமெரிக்காவில் வேலையின் பெரும்பகுதியை, அதாவது 51%-ஐ, கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டும் அமெச்சூர்கள் செய்திருக்க வேண்டும். கூலிக்குப் பாதி வேலையை வாங்கிவிட்டு அப்புறம் பறக்கும் தகுதிச் சான்று கேட்டால் சிக்கல் வரும். ஒவ்வொரு கட்டத்திலும் தேதியோடு குறிப்பும், நீங்கள் வேலை செய்யும் புகைப்படமும் வேண்டும். அங்கே கட்டியவருக்குக் கிடைக்கும் ரிப்பேர்மேன் சான்றை வைத்து ஆண்டுப் பரிசோதனையைத் தாமே செய்யலாம். அந்தச் சான்று விமானத்தை வாங்குபவருக்கு மாறாது. சொந்தமாக விமானம் கட்டுபவர்களின் சங்கமான இஏஏ-வில் டெக்னிக்கல் கவுன்சிலர்கள் என்ற தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். மூடினால் பிறகு பார்க்க முடியாத பகுதிகளை, மூடும் முன் அவர்களைப் போன்ற அனுபவசாலி ஒருவர் கண்ணால் பார்க்கட்டும்.

பறப்பதை நிறுத்திவிட்டுக் கட்டுவது

இதுதான் எனக்கு அதிகம் கவலை தரும் தவறு. பணமும் நேரமும் மிச்சம் என்று மூன்று நான்கு ஆண்டு பறக்காமல் இருந்துவிட்டு, சோதிக்கப்படாத விமானத்தில், பழக்கமே இல்லாத வால் சக்கரத்தோடு முதல் பறத்தலுக்கு ஏறுகிறார்கள். வால் சக்கர விமானம் தரையில் சற்றுக் கோணினாலும் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும், காலில் பழக்கம் இல்லாவிட்டால் சமாளிக்க முடியாது. அதனால் பயிற்சிக்கான பணத்தை எஞ்சின் பணத்தைப் போலவே தனியாக எடுத்து வையுங்கள். அதே மாடலில், அல்லது குணத்தில் ஒத்த மாடலில், பயிற்சியாளரோடு பறந்துவிட்டு வாருங்கள். காப்பீட்டு நிறுவனமும் பெரும்பாலும் இதைக் கேட்கும், முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

முதல் பறத்தலோடு விமானம் முடிந்துவிடுவதும் இல்லை. அமெரிக்காவில் சான்று பெற்ற எஞ்சின்-புரொப்பல்லர் ஜோடி என்றால் பொதுவாக 25 மணி நேரம், இல்லாவிட்டால் 40 மணி நேரம் சோதனைப் பறத்தல் உண்டு. அதுவரை நண்பரையோ குடும்பத்தையோ ஏற்ற முடியாது. வீட்டில் நாள் குறிக்கும்போதே இதையும் சொல்லிவிடுங்கள். அந்த மணி நேரங்கள் நீளமான, அகலமான ஓடுபாதைக்கு உரியவை. உங்கள் விமானம் எந்த எடையில் எந்த வேகத்தில் ஸ்டால் ஆகிறது (இறக்கை தூக்கும் திறனை இழக்கிறது), எத்தனை மீட்டரில் நிற்கிறது என்பதை அங்கே நீங்களே அளந்து எழுத வேண்டும். கூழாங்கல் திட்டில் இறங்கும்போது கையில் இருக்க வேண்டியது அந்த எண்கள்தான், விளம்பரத் தாளில் இருப்பவை வேறொரு விமானத்தின் எண்கள்.